சகலனின் பெயரில் ஒரு படகு வளைவு

எங்கள் வீட்டில் மீன் தலை எப்போதும் சகலனுக்குத்தான். சகலன் என்றால் என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு தன் வான் வண்டியில் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குச் சாப்பிட வருவார். அன்று விடிந்ததும் நான் சந்தைக்குப் போய், பேரம் பேசி, சண்டை பிடித்து வாங்கி வந்த விளைமீனின் தலை, குழம்போடு அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் போய் விழும். எனக்கு நடுத்துண்டு. "நடுத்துண்டிலதானே சதை கூட" என்பாள் மனைவி. சதைக்கா நான் ஏங்கினேன்?

அவரை எனக்குப் பிடிக்காது என்று சொன்னால் அது பொய். பிடிக்காமல் போவதற்கு அவர் ஒரு வசதியும் செய்து தரவில்லை. கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர். வாகனங்களுக்கு சீட் தைப்பதும் ஹூட் போடுவதும் தொழில். சிங்களம் அவர் வாயில் தண்ணீராய் ஓடும். சோதனைச் சாவடியில் நாங்கள் எல்லோரும் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு ஊமைகளாக நிற்க, அவர் சிப்பாயிடம் எந்த ஊர் என்று விசாரித்து, தேத்தண்ணி குடித்தாயா என்று கேட்டு, அவனைச் சிரிக்க வைத்துவிட்டு வருவார். என் அட்டையோ நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் என்று முதல் வரியிலேயே காட்டிக் கொடுக்கும். எனக்குக் கொள்ளுப்பிட்டியில் ஒரு கட்டட நிறுவனத்தில் படம் வரைகிற வேலை. என் சிங்களம் பஸ் கொண்டக்டரோடு முடிந்துவிடும்.

மனைவிக்கு எதற்கெடுத்தாலும் அத்தான். பைப்பில் தண்ணீர் வராவிட்டால் அத்தானைக் கேட்போம். கொழும்பில் தங்குவதற்குப் பொலிஸ் பதிவுக்குப் போக வேண்டுமா, அத்தான் வரட்டும். "அத்தான் சொன்னவர்" என்று அவள் தொடங்கினால் அதற்கு மேல் அப்பீல் இல்லை. எனக்கு வயிறு எரியும். நான் சொன்ன ஏதாவதொன்றை அவள் இன்னொருவரிடம் அப்படிப் பெருமையாகச் சொல்லி, அதை நான் ஒரு தரமாவது கேட்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். அதற்கு ஒரு சந்தர்ப்பம் ஒரு படகின் உருவில் வந்தது.

சகலனுக்கு ரெக்சின் விற்கிற ஹாஜியார் ஒருவர், இரத்மலானைக்கு அப்பால் பொல்கொட ஏரிப் பக்கம் ஒரு தோட்டம் வாங்கியிருந்தார். தோட்டத்தோடு ஒரு படகும் சேர்ந்து வந்தது. நான் அதுவரை அப்படியொன்றைக் கண்டதில்லை. நீளமான இரண்டு அலுமினிய உருளைகள். அவற்றின் மேல், ஒரு வீட்டு விறாந்தையைப் பெயர்த்து வைத்தது போலத் தட்டையான ஒரு தளம். சுற்றிவரக் கம்பி. பொன்டூன் போட் என்றார்கள். தலைக்கு மேலே ஒன்றுமில்லை, மொட்டை வெயில்.

"மகள்ட மாப்புள ஊட்டாக்கள் வாராங்க. அவங்கள வெயில்ல ஒக்கார வெக்க ஏலுமா? அழகா ஒரு ஆர்ச்சும் மேலுக்கு ஒரு டொப்பும் போடுங்க. பாக்கிறவங்க வாயில வெரல வெக்கோணும்" என்றார் ஹாஜியார்.

டொப் என்கிற துணிக்கூரை சகலனின் வேலை. அதைத் தாங்கும் குழாய் வளைவுக்கு ஒரு படம் வேண்டும். "எங்கட தம்பி இருக்கிறார். படம் கீறுறதில புலி" என்று என்னைக் கூட்டிப் போனவரும் சகலன்தான். அந்தப் புகழ்ச்சியைக்கூட என்னால் நிம்மதியாக வாங்கிக்கொள்ள முடியவில்லை. புலி என்று அந்த நாட்களில் யாராவது இன்னொரு தமிழனைப் பார்த்துச் சொல்வார்களா? அவர் சொல்வார். அவருக்கு எதுவும் நடக்காது.

சகலனின் மனதில் ஏற்கெனவே ஒரு திட்டம் இருந்தது. மணவறை மாதிரி உயரமான வளைவு, அசையாமல் நிற்க வேண்டும், விளிம்பெல்லாம் குஞ்சம் தொங்க வேண்டும். ஹாஜியாருக்கு அதைக் கேட்டதுமே பிடித்துவிட்டது. எனக்கு மட்டும் தோட்டத்துக்கு வரும் வழியில் கண்ட பாலம் கண்ணில் நின்றது. படகு நிற்பது ஒரு கால்வாயில். ஏரிக்குப் போவதென்றால் அந்தப் பாலத்தின் கீழாகத்தான் போக வேண்டும்.

"இது பாலத்தில இடிக்கும் அண்ணை" என்றேன்.

"இடிக்காது தம்பி. நான் பாத்தனான்."

"அளந்தனீங்களோ?"

"கண் அளக்காததையே நூல் அளக்கப் போகுது?" என்றார். ஹாஜியார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் சகலன் அதைத் திரும்பச் சொன்னபோது என் மனைவியும் சிரித்தாள். ஹாஜியாரின் சிரிப்பை நான் மறந்திருப்பேன். அவளுடைய சிரிப்பை மறக்க முடியவில்லை.

அந்த வாரம் முழுக்க, வேலை முடிந்து வந்து மேசையை இழுத்துப் போட்டுப் படம் கீறினேன். என் வளைவு மடியும். பாலம் வரும்போது பின்பக்கமாகச் சாய்ந்து, படகின் கம்பியோடு கம்பியாகப் படுத்துவிடும். பின்னங்கால்கள் இரண்டையும் நிறுத்தி வைக்க, பக்கத்துக்கு ஒன்றாகக் கழற்றக்கூடிய ஆணி. துணியை முன்னால் இழுத்துப் பிடிக்க இரண்டு வார். வாரைத் தளர்த்தி, ஆணியை உருவினால் சரி. எனக்கே என் கையை முத்தமிட வேண்டும் போலிருந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் குனிந்து நிதானமாகப் பார்த்தாள்.

"வடிவாத்தான் இருக்கு. அத்தானிட்டக் காட்டினனீங்களோ?"

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பார்கள். அந்த ஆண்டி நான்தான். பாலத்தின் சரியான உயரத்தைப் படத்தில் போட்டு, மணவறை இடிக்கும் என்று அவள் முன்னால் நிரூபித்தே ஆக வேண்டும் என்று எனக்குப் பட்டது. அரை நாள் லீவு போட்டேன். ஒரு நூலின் நுனியில் பழைய ஆமைப்பூட்டு ஒன்றைக் கட்டிக்கொண்டு போய், பாலத்தின் நடுவில் நின்று, தண்ணீர் வரைக்கும் இறக்கினேன்.

இப்போது நினைத்தால் எனக்கே நம்ப முடியவில்லை. சண்டை நடக்கிற நாட்டில், யாழ்ப்பாணத்து அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு தமிழன் பாலத்தில் நின்று அளவெடுக்கிறான். கக்கத்தில் சுருட்டிய படம். அதில் ஒரு படகு, படகுக்கு மேலே பாலம், இரண்டுக்கும் நடுவில் அம்புக்குறி. பைத்தியக்காரன்கூட இதைச் செய்யமாட்டான். பொறாமைக்காரன் செய்வான்.

நூலைச் சுற்றி எடுக்கும் முன்பே ஜீப் வந்துவிட்டது. பொலிஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் என் படத்தை மேசையில் விரித்து, மூலைகளில் சாம்பல் கிண்ணத்தையும் பேனாவையும் வைத்தார். படகில் விரலை வைத்து, "மே மொகத்த?" இது என்ன என்று கேட்டார். "போட்டுவ" என்றேன். விரல் மேலே போனது. "மே?" "பாலம." அதற்கு மேல் என் சிங்களத்தில் இடமில்லை. ஆங்கிலத்தில் கல்யாணம், ஹாஜியார், நிழல் என்று ஏதோ உளறினேன். அவர் கேட்டதெல்லாம், படகில் என்ன ஏற்றப் போகிறீர்கள் என்பதுதான். என்னை ஒரு வாங்குப் பலகையில் உட்கார வைத்தார்கள்.

எங்கள் வாடகை வீட்டுக்காரரின் போனுக்கு ஒரு செய்தி சொல்ல விட்டார்கள். மனைவி அதைக் கேட்டதும் யாருக்கு அடித்திருப்பாள் என்று சொல்லத் தேவையில்லை. சகலனின் வானில் இருவரும் வந்து இறங்கினார்கள். அவள் கண் சிவந்திருந்தது. உள்ளே வந்தவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு பார்த்ததெல்லாம் அவரைத்தான். அந்த நிலைமையிலும் எனக்கு அது தெரிந்தது.

சகலன் முதலில் கதைத்தது வாசலில் நின்ற ஜீப்பைப் பற்றி. அதன் ஹூட் கிழிந்திருந்ததாம், இந்த மழைக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். பிறகு ஹாஜியாரைப் பற்றி, கல்யாணத்தைப் பற்றி. நடுவில் என் படத்தைச் சர்வசாதாரணமாகத் தன் பக்கம் திருப்பி, "மேக மகே" என்றார். இது என்னுடையது. பிறகு வாங்கில் இருந்த என்னைக் காட்டி, "மெயா மகே கோலயா" என்றார். இவன் என் கையாள். அதோடு நிற்காமல், பாலத்துக்குப் போகச் சொல்லி உனக்கு யார் சொன்னது என்று சிங்களத்தில் எனக்கு நல்ல ஏச்சு விட்டார். இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நாய் வேசம் போட்டால் குரைக்கத்தானே வேண்டும்.

ஹாஜியாருக்கும் போன் போட்டுக் கேட்டுவிட்டு, பொழுதுபடும் முன் என்னை விட்டார்கள். வானில் வரும்போது சகலன் சொன்னார்:

"குறை நினையாதையும் தம்பி. கொட்டாஞ்சேனை ஆள் கீறின படகெண்டால் அது படகுதான். யாழ்ப்பாணத்து ஆள் கீறினா அது வேற."

அவர் சொன்னது சரி. சரியாக இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. "அத்தான், நீங்கள் மட்டும் இல்லாட்டி..." என்று தொடங்கிய மனைவி முடிக்காமல் அழுதாள். என் உயிரை அவர் காப்பாற்றியிருந்தார், அதற்குக் கூலியாக என் வளைவை எடுத்துக்கொண்டிருந்தார். அடித்தவனை வெறுக்கலாம். கைதூக்கி விட்டவன் மேல் எரிச்சல் வந்தால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

நூல் சொன்ன அளவில் மணவறை இடிக்கும் என்பது உறுதியாயிற்று. ஆனால் அதற்குள் மடிகிற வளைவு சகலனின் யோசனை என்று ஹாஜியார் ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. பொலிஸில் ஒரு சிநேகிதம் இருப்பது நல்லது என்று அந்த இன்ஸ்பெக்டரையும் படகுப் பயணத்துக்கு அழைத்துவிட்டார். இனி அந்தப் பொய்யை யாரும் கழற்ற முடியாது.

இரத்மலானையில் ஒரு பட்டறையில் குழாய் வளைத்தார்கள். சனிக்கிழமைப் பின்னேரங்களில் நான் பக்கத்தில் நின்றேன். சகலன் கொட்டாஞ்சேனையில் நீலமும் வெள்ளையுமாகக் கோடு போட்ட துணியில் டொப் தைத்தார். வளைவை மடித்துப் பார்த்த அன்று அவர் வரவில்லை. எப்படி மடிப்பது என்று பிறகும் அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பயணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் வாயில் விரல் வைக்காத குறைதான். இன்ஸ்பெக்டர் சாதாரண உடுப்பில் வந்து சகலனின் தோளில் கை போட்டுக்கொண்டார். சகலன் முன்னால் நின்று துணியைத் தட்டிக் காட்டினார், குழாயைத் தட்டிக் காட்டினார். என் மனைவி அக்காவோடு நடுவில் இருந்தாள். "என்ன நல்ல நிழல் அத்தான்" என்றாள். நிழல் துணியினுடையது, உண்மைதான். ஆனால் துணி காற்றிலா நிற்கிறது? நான் கோலயா அல்லவா, பின்னால் என்ஜின்காரரின் காலடியில் தரையில் குந்தியிருந்தேன்.

பாலம் வந்தது. என்ஜின்காரர் வேகத்தைக் குறைத்தார். சகலன் மந்திரவாதி மாதிரிக் கையைத் தூக்கி, "இப்ப பாருங்கோ" என்றார். பின்னால் வந்து ஆணியைப் பிடித்து இழுத்தார். அது வரவில்லை. மறுபடி இழுத்தார். உள்ளங்கையால் குத்தினார். முன் வார் இறுக்கமாக இருக்கும்வரை ஆணியின் மேல்தான் முழுப் பாரமும். அது வராது. அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். படகு மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தது. பாலத்தின் மேலே இரண்டு சிப்பாய்கள் எட்டிப் பார்த்தார்கள்.

நான் அசையவில்லை. இப்படியே இருந்தால் போதும். வளைவு பாலத்தில் அடிபடும். ஹாஜியாரின் முகம் மாறும். நீ கீறினதை உனக்கே மடிக்கத் தெரியாதா என்று இன்ஸ்பெக்டர் அவரைக் கேட்பார். என் மனைவி அதைக் கேட்பாள். என் வாழ்நாளில் அவ்வளவு இனிப்பான ஒரு நினைப்பு எனக்கு வந்ததில்லை. சகலனின் கழுத்தில் வியர்வை வழிந்தது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சிரிப்பும் இல்லை, சிங்களமும் இல்லை.

எழும்பினேன். அது என் வளைவு, இடிபட விட மனம் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். "பாஸ், முதல்ல வாரைத் தளர்த்துவம்" என்று பணிவாகச் சொல்லிவிட்டு, ஆட்களைத் தாண்டி முன்னால் போய் இரண்டு வாரையும் அவிழ்த்தேன். ஆணிகள் வழுக்கிக்கொண்டு வந்தன. வளைவு சாவகாசமாகப் பின்னால் சாய்ந்து படுத்தது. எல்லோரும் குனிய, பாலத்தின் அடிவயிறு எங்கள் தலைக்கு மேலாகக் கடந்து போனது. மறுபக்கம் வெளிச்சத்துக்கு வந்ததும் கை தட்டினார்கள். இன்ஸ்பெக்டர் சகலனின் முதுகில் தட்டி, "ஒயாகே கோலயா ஹொந்தாய்" என்றார். உன் கையாள் நல்லவன். அந்த வளைவுக்காக எனக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான். அதுவும் சகலனுக்குத்தான் சொல்லப்பட்டது.

சகலன் எங்களைப் பெருந்தெருவான காலி வீதியில் இறக்கிவிட்டுப் போனார். வீட்டு ஒழுங்கையில் கடல் பக்கமாக இருவரும் நடந்தோம். மனைவி செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். பாதி வழியில் சொன்னாள்:

"நீங்கள் எழும்பேக்க எனக்கு நெஞ்சு திக்கெண்டு போச்சு."

"ஏன், தண்ணிக்குள்ள விழுந்திடுவன் எண்டோ?"

"இல்லை. எழும்பவே மாட்டியள் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான்."

இத்தனை வருடமும் மீன் தலை யாருடைய கோப்பையில் விழுகிறது என்று நான் பார்ப்பதை, அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.