திக்காமல் படிக்கிறவள்

பெரிய ஓட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் அவளுக்கு இஸ்திரி வேலை. நாள் முழுக்க நீராவிக்குள் நிற்பதால் கூட வேலை செய்கிறவர்கள் ஆவியக்கா என்று கூப்பிடுவார்கள். அவளும் சண்டைக்குப் போகமாட்டாள். சட்டைக் காலருக்குள் தைத்திருக்கும் துண்டுத்துணியில் சின்ன இஸ்திரிப்பெட்டிப் படம் இருக்கும். அதற்குள் ஒரு புள்ளியா, மூன்று புள்ளியா என்று பார்த்துச் சூடு வைப்பாள். பக்கத்தில் இருக்கும் எழுத்து மட்டும் அவளுக்குத் தெரியாது. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவள். இந்த விஷயம் புருஷனுக்கு மட்டும் தெரியும், அவரோ பாதி நாள் லாரியோடு வெளியூரில். மற்றவர்களுக்குத் தெரிந்துவிடுமோ என்கிற பயம் தினமும் அவளோடு வேலைக்குப் போய், அவளோடு வீட்டுக்கும் வரும்.

அந்தப் பயம் தன் மகளுக்கு வரவே கூடாது என்று முடிவு கட்டியிருந்தாள். நல்ல எண்ணம்தான், யார் இல்லை என்றது? சாயங்காலம் வந்ததும் கைக்குழந்தையான சின்னவனை மடியில் போட்டுக்கொண்டு உட்காருவாள். எட்டு வயது மகள் எதையாவது சத்தமாகப் படித்துக் காட்டவேண்டும். பாடப்புத்தகமோ, பழைய பேப்பரோ, கையில் கிடைத்தது எதுவானாலும் சரி. சரியாகப் படிக்கிறாளா என்று பார்க்க அம்மாவுக்கு ஏது வழி? அதனால் வேகத்தைப் பார்த்தாள். கடகடவென்று போனால் நல்ல படிப்பு. நின்றாலோ திக்கினாலோ முதுகில் ஒன்று விழும்.

"ஏன் நின்னுட்ட?"

"இது தெரியலம்மா."

"தெரியலன்னு சொல்றதுக்கா உன்னைப் பள்ளிக்கூடம் அனுப்புறேன்? அதை நானே சொல்லிடுவேனே!"

பிள்ளை என்ன செய்யும், பாவம்! நிற்காமல் போகக் கற்றுக்கொண்டது. தெரிந்த சொல்லைப் பிடித்துக்கொண்டு, தெரியாத இடத்தில் எதையாவது இட்டுக்கட்டி, மூச்சு விடாமல் ஒப்பித்தது. அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "எம்பொண்ணுக்குப் படிப்பெல்லாம் தண்ணி பட்ட பாடு" என்று சலவைக்கூடமே கேட்கும்படி பீற்றிக்கொண்டாள். ஒருமுறை குடியிருப்பின் கீழ்வாசலில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்து, நாளைக்குத் தண்ணீர் வராது என்று மகள் படித்துச் சொன்னாள். வீட்டிலிருந்த டம்ளர் முதற்கொண்டு பிடித்து வைத்தார்கள். மறுநாள் குழாயில் தண்ணீர் ஜோராக வந்தது. "ஒரு நோட்டீஸ் ஒழுங்கா ஒட்டத் துப்பில்ல இவனுங்களுக்கு" என்று அம்மா அதிகாரிகளைத் திட்டித் தீர்த்தாள். மகள் டம்ளர்த் தண்ணீரை ஒவ்வொன்றாகக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

பிறகு சின்னவனுக்குச் சளி பிடித்தது. நடக்கக்கூடப் பழகாத குழந்தை. டாக்டர் எழுதிய மருந்தை வாங்கக் கடைக்குப் போனாள். கடைக்காரர் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "இங்க பாருங்கம்மா, இதை எப்படிக் குடுக்கணும்னா" என்று ஆரம்பித்தார். பின்னால் ஆட்கள் நின்றார்கள். அவளுக்குக் கூச்சம்.

"அதுல போட்டிருக்குல்ல? வீட்ல படிச்சுக்குறோம்" என்று வெடுக்கென்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

வீட்டில் புட்டி மகள் கைக்குப் போனது. எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி பொடிப்பொடியாக இருந்தது. மகள் அதைப் பார்த்தாள், அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"மூணு வேளை. ரெண்டு ரெண்டு மூடி."

திக்கவே இல்லை.

காலையில் அம்மா இரண்டு மூடி கொடுத்தாள், மத்தியானம் இரண்டு மூடி. குழந்தை அசந்து தூங்கியது. மருந்து வேலை செய்கிறது என்று அவள் பாத்திரம் கழுவப் போனாள். வந்து எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. கன்னத்தைத் தட்டினாள், உள்ளங்காலைச் சுரண்டினாள். கையைத் தூக்கிவிட்டால் தொப்பென்று விழுந்தது. மூக்கருகே விரலை வைத்தாள். ஒரு மூச்சு வந்தது. அடுத்தது வரும் வரும் என்று காத்திருந்தாள். ஐயோ, அந்தக் காத்திருப்பு எதிரிக்கும் வேண்டாம். குழந்தையை வாரிப் போட்டுக்கொண்டு, செருப்புக்கூட இல்லாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். மகள் புட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தாள்.

நர்ஸ் புட்டியைத் திருப்பிப் பார்த்தாள். "எவ்வளவு குடுத்தீங்க?"

"ரெண்டு மூடி. காலையில ஒருதரம், மத்தியானம் ஒருதரம்."

"அரை மூடி, அதுவும் படுக்கும்போது மட்டும்னு போட்டிருக்கே! யார் படிச்சது இதை?"

மகள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்தாள். அவள் பார்வை தம்பி மேல் இல்லை, அம்மாவின் கைமேல் இருந்தது.

"நான்தான் படிச்சேன்" என்றாள் அம்மா.

"கண்ணை எங்க வச்சிட்டுப் படிச்சீங்க?" என்று கத்திவிட்டு நர்ஸ் குழந்தையை உள்ளே தூக்கிப் போனாள். கதவு மூடிக்கொண்டது.

வெளியே பெஞ்சில் அம்மா ஒரு முனையில், மகள் மறு முனையில். உள்ளே யாராவது வேகமாக நடந்தால் அம்மா எழுந்து நின்றாள். யாரும் நடக்காவிட்டால் கதவில் காதை வைத்தாள்.

"தம்பி செத்துடுவானாம்மா?"

அம்மா மூடிய கதவைப் பார்த்தாள். பிறகு மகள் பக்கம் திரும்பிக் கேட்டாள், "தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே கண்ணு?"

"சொன்னா அடிப்பியே."

உள்ளே ஒரு மெல்லிய அழுகை கேட்டது. பூனைக்குட்டி கத்துவது போலத்தான் இருந்தது, ஆனாலும் அது சின்னவன் குரல். போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு.

குழந்தையை அங்கேயே வைத்திருந்து மறுநாள்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளம்பும்போது நர்ஸ் ஒரு காகிதத்தை நீட்டினாள். "எல்லாம் இதுல எழுதியிருக்கு. இந்தத் தடவையாவது ஒழுங்காப் படிங்க."

அம்மா அதை மகளிடம் கொடுத்தாள். "மெதுவாப் படி. எவ்வளவு நேரம் ஆனாலும் சரி."

மகளின் விரல் எழுத்து எழுத்தாக நகர்ந்தது. முதல் வரியிலேயே நின்றது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"இது தெரியலம்மா."

சுற்றிலும் வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு நர்ஸிடம் திரும்பினாள்.

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க சிஸ்டர். நான் படிச்சேன்னு சொன்னது பொய். இவளுக்கு இப்பதான் வந்துக்கிட்டிருக்கு. நீங்களே சொல்லுங்க, ரெண்டு பேரும் கேட்டுக்குறோம்."

வரிசையில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நர்ஸ் மகள் பக்கம் வந்தாள். பிறகு குனிந்து, காகிதத்தில் விரல் வைத்து, ஒவ்வொரு வரியாக மகளுக்குச் சொல்ல ஆரம்பித்தாள். நன்றாகக் கேட்டுக்கொள்ளட்டும் என்று அம்மா மகளின் முதுகில் மெல்லக் கை வைத்தாள்.

முதுகு வெடுக்கென்று உள்ளே ஒடுங்கியது. அவள் கையை எடுக்கவில்லை. நர்ஸ் கடைசி வரிக்கு வந்த பிறகும் அந்த முதுகு விறைத்தேதான் இருந்தது.