பள்ளிக் கேட் வரை வந்த அம்மா

சாக்ஸ் போட்ட காலில் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு அம்மா நடந்தால் 'சதக் சதக்' என்று ஒரு சத்தம் வரும். நாங்கள் வந்து குடியேறிய பிளாக்டவுனில் ஆரம்பப் பள்ளிக்குப் போன காலைகளிலெல்லாம் அந்தச் சத்தம் என் பின்னாலேயே வந்தது. சேலைக்கு மேல் அப்பாவின் பழைய ஜாக்கெட், தோளில் என் பை, இருபது நிமிட நடை. கேட்டில், தன் பிள்ளையைக் கொண்டுவந்து விட்ட யாழ்ப்பாணத்து ராணி அன்ரி காத்திருப்பார். நான் உள்ளே போன பிறகும் இருவரும் கம்பி வேலியோரம் வெயில் விழும் இடமாகப் பார்த்து நின்று பேசிக்கொண்டிருப்பார்கள்.

"என்னப்பா, இண்டைக்குப் பிந்திட்டியள்? உங்கட மகாராணி எழும்பேல்லையோ?"

"ஆமா, அவங்கப்பா சோம்பல் அப்படியே வந்திருக்கு!"

அம்மா வாய்விட்டுச் சிரித்தது அங்கே மட்டும்தான். அப்பா உணவகத்தில் சமையல்காரர். காலையில் போனால் இரவுதான் வருவார். எழுதப் படிக்கவோ ஆங்கிலம் பேசவோ தெரியாத அம்மாவுக்குப் பகலில் பேசக் கிடைத்த ஒரே ஆள் ராணி அன்ரி.

எனக்குப் பத்து வயதில், வகுப்புத் தோழி ஒருத்தி அம்மாவின் காலைப் பார்த்துச் சிரித்தாள். அன்று மாலையே சொன்னேன்: "இனிமே நீ வராதம்மா. எனக்கு வெக்கமா இருக்கு."

"சரிடி, பெரிய பொண்ணாயிட்ட" என்றாள். அதோடு வருவதை நிறுத்திவிட்டாள்.

"அம்மா எங்க பிள்ளை?" என்று அன்ரி கேட்டபோதெல்லாம் "வேலை" என்று பொய் சொன்னேன். கொஞ்ச நாளில் அவரும் மெல்பர்னுக்குக் குடிபோய்விட்டார். வீட்டில் திரைச்சீலை மதியம்வரை மூடியே கிடக்க, "தலை பாரமா இருக்கு" என்று அம்மா படுத்திருப்பாள். நான் அதைச் சோம்பல் என்று நினைத்தேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளியில் படித்த முதல் ஆள் நான். அதைச் சொல்லும்போது இன்றும் முதுகு நிமிரும். இப்போது நர்ஸ். மனம் சோர்ந்து வருகிறவர்களிடம், காலையில் கொஞ்சம் நடங்கள், வெயிலில் நில்லுங்கள், ஒருவரிடமாவது பேசிச் சிரியுங்கள் என்று தினமும் சொல்கிறேன். ஒருநாள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அம்மா நினைவுக்கு வந்தாள். இந்த மூன்றும் யாரும் சொல்லித் தராமலே அம்மாவிடம் இருந்தன. பறித்துக்கொண்டது நான்.

அந்தக் கம்பி வேலி இப்போது இல்லை. அங்கே உயரமான சுவர் வந்துவிட்டது. போன வாரம், "வாம்மா, ஒரு நடை போயிட்டு வரலாம்" என்று கூப்பிட்டேன். அம்மா எழுந்து சாக்ஸைப் போட்டுக்கொண்டாள். செருப்பைக் கையில் எடுத்தவள், அதையும் என்னையும் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள்.

"வேணாம்டி. உன்கூட வேலை பார்க்கிறவங்க யாராச்சும் பார்த்துடப் போறாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. எனக்காகத்தான் சொன்னாள்.