சாட்சி நேரத்தில் எழுந்தவர்

தொண்ணூறுகளின் கடைசியில், காக்ஸ் டவுனில் எங்கள் சபையின் சாட்சி நேரம் எனக்கு எரிச்சலைத்தான் தந்தது. வேலை கிடைத்தது, காய்ச்சல் விட்டது என்று ஆளாளுக்கு எழுந்து ஆண்டவர் செய்த நன்மையைச் சொல்லி ஸ்தோத்திரம் சொல்வார்கள். என் மனைவி இறந்தபின் அது எதுவும் எனக்கு உறைக்கவில்லை. கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட முடிவு செய்திருந்தேன்.

கடைசி பெஞ்சில் ஒரு பள்ளிக்கூட ஆயா உட்காருவார். வெளுத்த நீலப் புடவை, மடியில் டிபன் பை. வாராவாரம் எழுந்து ஒன்றையே சொல்வார். "எனக்கு சந்தோஷம் இன்னும் திரும்பல. ஆண்டவர் வேணும். ஜெபிச்சுக்கோங்க." போதகர் அவசரமாக அடுத்த பாட்டை அறிவிப்பார்.

ஒரு ஞாயிறு பஸ் ஸ்டாப்பில் அவரிடம் கேட்டேன். "எத்தனை வருஷமா இதையே சொல்றீங்கம்மா?"

"ஆறு இருக்கும், பிரதர்."

"ஆண்டவர் காதுல விழவே இல்லையே. விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே?"

"விட்டுப் பாத்தேன், ரெண்டு மாசம். சந்தோஷமும் வரல, தேடறதும் போச்சு. அது இன்னும் மோசம்." பஸ் வந்தது. "நீங்களும் ஒரு தடவ எழுந்து சொல்லுங்க. பாஸ்டருக்குப் பாட்டு நம்பரே மறந்துடும்" என்று சிரித்துக்கொண்டே ஏறிவிட்டார்.

சந்தோஷம் இல்லை என்றவர் எப்படிச் சிரித்தார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அடுத்த ஞாயிறு போனேன். எழுந்து நிற்கவில்லை. உள்ளே எதுவும் அசையவுமில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போனேன்.