ஜப்பான் கவுண்டரின் ஐப்பசிப் பயணம்

நாச்சிமுத்துக் கவுண்டரைப் பற்றி எழுதும்படி நம் பாசன சங்கத்தார் என்னைக் கேட்டிருக்கிறார்கள். குறித்து வைத்துக்கொள்ளாமல் எனக்கு எதையும் சொல்லத் தெரியாது. வகுப்பிலும் அப்படித்தான் இருந்தேன். ஆகவே சொல்லப்போவதை முதலில் வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. அவர் போன செய்தி எனக்கு வந்த விதம்.
2. அவருக்கு ஜப்பான் என்ற பெயர் ஒட்டிக்கொண்டதும், அதனால் அவர் மனத்தில் விழுந்த கேள்வியும்.
3. கியோட்டோ நகரத்தில் மூன்று நாள் எதைப் பார்ப்பது, எதைச் சாப்பிடுவது என்று நாங்கள் இருவரும் திட்டம் போட்டது.
4. அந்தத் திட்டத்தில் நேர்ந்த பிழையால், அவர் பார்க்க ஆசைப்பட்டதைப் பார்க்காமலே திரும்பியது.
5. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது.

போன மாதம் ஒரு காலை, எங்கள் தெருமுனையில் பவர் டில்லரின் சத்தம் கேட்டது. அந்த உழவு இயந்திரத்தின் பின்னால் பெட்டி வண்டியைப் பூட்டிக்கொண்டு கவுண்டர் நம் பாலக்காட்டுச் சித்தூர்ச் சந்தைக்கு வருவதும், போகிற வழியில் என் வீட்டில் இறங்குவதும் வழக்கம். உள்ளே காப்பிக்குச் சொல்லிவிட்டு அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன். வாசலில் வந்து நின்றவர் அவர் மகன் பழனிச்சாமி.

"அப்பா போயிட்டாருங்க சார். வெடியால காப்பி குடிச்சுப்போட்டுச் சாஞ்சாரு, அவ்வளவுதானுங்க. அம்மா உங்களக் கையோட கூட்டியாரச் சொன்னாங்க."

அந்த வண்டியில் ஏறச் சொல்லிக் கவுண்டர் எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறார். கவிழ்ந்துவிடுமோ என்று பயந்து நான் ஏறியதில்லை. அன்று ஏறினேன். சாக்கு விரித்திருந்த இடத்தில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு போனேன். அது கவிழவில்லை.

இரண்டாவது குறிப்புக்கு வருகிறேன். உங்களில் மூத்தவர்களுக்கு இது தெரியும். நெல் நடவில் ஜப்பான் முறை என்ற ஒன்றைக் கிராமசேவகர் நம் ஊர்களுக்குக் கொண்டுவந்த காலம் அது. வயலின் குறுக்கே கயிறு கட்ட வேண்டும். கயிற்றோரமாகச் சாண் இடைவெளி விட்டு, குத்துக்கு இரண்டு மூன்று நாற்று மட்டும் வைக்க வேண்டும். கை நிறைய நாற்றை அள்ளி நெருக்கி நட்டுப் பழகிய ஊர் இது. யாரும் துணியவில்லை. கவுண்டர் தம்முடைய நல்ல வயலிலேயே துணிந்தார். பக்கத்து வயல் மாரப்பன் வரப்பில் நின்று சொன்னதை இன்றும் ஊர் சொல்லிச் சிரிக்கும்.

"ஏப்பா நாச்சிமுத்து, நாத்து பத்தலீன்னா என்னக் கேட்டிருக்கலாமில்ல? வயலு சொட்டத் தலையாட்டக் கெடக்குது!"

"முடி மொளைக்கற மட்டும் பொறுங்க மாமா" என்றாராம் கவுண்டர்.

முடி முளைத்தது. அடுத்த போகத்துக்கு மாரப்பனே கயிற்றை இரவல் கேட்டு வந்தார். அன்றிலிருந்து அவர் ஜப்பான் கவுண்டர், அவர் வயல் ஜப்பான் வயல். ஆனால் ஊர் விளையாட்டாக வைத்த பெயரை அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் என்னிடம் கேட்டார்.

"பேரு வந்துருச்சுங்க சார். ஊரப் பாக்கோணுமில்லீங்களா? நெசமாலுமே அவங்க அப்படித்தான் நடறாங்களா, இல்ல ஆபீசருங்க கட்டிவுட்ட கதையான்னு எனக்கே தெரீலீங்க. என்ற பேச்சக் கேட்டுத்தான் பாதி ஊரு கயிறு கட்டுது. நாளைக்கு ஒரு சப்பான்காரன் வந்து, 'நாங்க எப்பய்யா இப்படி நட்டோம்'னு கேட்டா நான் என்னங்க சொல்றது?"

விளைச்சல் நன்றாக வருகிறதே, அது போதாதா என்று நான் சொன்னேன். "அது நெல்லு சொல்ற பதிலுங்க. நான் கேக்கறது வேற" என்றார்.

இதெல்லாம் நடந்து பல வருஷத்துக்குப் பிறகு, டில்லர் விற்கும் கம்பெனி ஒன்று சில விவசாயிகளை ஜப்பானுக்கு அழைத்துப்போக ஏற்பாடு செய்தது. தொழிற்சாலையைக் காட்டியபின் கியோட்டோவில் மூன்று நாள் அவரவர் விருப்பப்படி சுற்றிப் பார்க்கலாம். ஆங்கிலம் தெரிந்த ஒருவரைத் துணைக்குக் கூட்டி வரலாம். கவுண்டர் நேரே என்னிடம் வந்தார். நான் மறுக்கக் காரணங்களை அடுக்கினேன். விமானம், குளிர், நான் மரக்கறி மட்டும் உண்பவன், என் வயிறு வெளியூர்த் தண்ணீருக்கு ஆகாதது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"அதுக்குத்தானுங்க உங்களக் கூப்படறன். பயமே இல்லாத ஆளு எனக்கெதுக்குங்க? நீங்கன்னா என்னென்ன கெட்டுப்போகும்னு முன்னாடியே சொல்லிருவீங்க."

இப்படி என் குறையே தகுதியாகிவிட்டது.

முதலில் மாதத்தை முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஆனியில் ஒரு கூட்டமும் ஐப்பசியில் ஒரு கூட்டமும் போவதாகச் சொன்னார்கள். கவுண்டர் சற்றும் தயங்கவில்லை. "ஆனீல முதப்போகத்து நடவு முடிஞ்சு களையெடுப்பு வந்துருமுங்க. ஐப்பசீன்னா ரெண்டாம் போகத்து நடவு. அப்பப் போனாத்தான் கயிறு கட்டறதப் பாக்கலாம்" என்றார். தம் சொந்த நடவை முதன்முறையாக மகனிடம் விட்டுவிட்டு வரவும் சம்மதித்தார். சரியான யோசனை என்று எனக்கும் பட்டது. வாழ்நாளெல்லாம் பூகோளம் நடத்தியவன் நான். உலகப் படத்தில் கியோட்டோவைக் கண்ணை மூடிக்கொண்டு காட்டுவேன். ஆனாலும், நெல் விளையும் ஊர் என்றால் அங்கே இரண்டு போகம் இருக்கத்தானே வேண்டும் என்று பாலக்காட்டுக்காரனாகவே நினைத்துவிட்டேன்.

பிறகு நாட்களைப் பிரித்தோம். சென்னையிலுள்ள ஜப்பான் தூதரகத்துக்கு எழுதி வரவழைத்த வரைபடங்களையும் குறிப்புகளையும் என் மேசையில் பரப்பி, முதல் நாள் கோயில்களும் தோட்டங்களும், இரண்டாம் நாள் கடைத்தெருவும் அவ்வூர்ச் சாப்பாடும், மூன்றாம் நாள் அரண்மனை என்று எழுதினேன். கவுண்டர் எட்டிப் பார்த்தார்.

"வயலு எங்கீங்க?"

"நகரத்துக்கு நடுவில வயல் ஏது கவுண்டரே? ஊருக்கு வெளியில போகணுமாக்கும். வழி தவறிட்டா?"

"அரமனைல ராசா இருக்காருங்களா?"

"இப்போ வேற ஊர்ல இருக்கார்னு போட்டிருக்கு."

"அப்ப ஆளில்லாத ஊட்டுக்கு எதுக்குங்க போகோணும்? அடிச்சுப்போட்டு வயலுன்னு எழுதுங்க."

அடித்துவிட்டு எழுதினேன்.

சாப்பாட்டு விஷயத்தில் எங்களுக்கு ஒரு சோதனை கிடைத்தது. ஜப்பான் போய் வந்த கம்பெனி எஞ்சினியர் கொஞ்சம் அவ்வூர் அரிசியைக் கவுண்டருக்குக் கொண்டுவந்து கொடுத்தார். வெள்ளை வெளேரென்று, குட்டையாக, முத்துப்போல இருந்தது. கவுண்டர் உள்ளங்கையில் போட்டு நெடுநேரம் உருட்டிப் பார்த்தார். அவர் மனைவி செல்லம்மாள் நம் சிவப்பு மட்டை அரிசிக்குச் செய்வதைப்போலவே உலை நிறையத் தண்ணீர் வைத்து, நன்றாக வேகவிட்டு, கஞ்சியை வடிக்கப் பானையைச் சாய்த்தார். கஞ்சி இறங்கவில்லை. சோறும் கஞ்சியும் ஒன்றாகி மூடியில் அப்பிக்கொண்டு நின்றது.

"ஏனுங்க, இத நான் சோறுன்னு போடறதா, செவுத்துல காயிதம் ஒட்ட எடுத்து வெக்கறதா?"

கவுண்டர் விரலால் வழித்துத் தின்றார். "வாசமா இருக்குது புள்ள."

"அப்ப மோந்து பாத்தே வயித்த ரொப்பிக்குங்க. நான் சாருக்கு நம்ம சோத்தப் போடறன்."

நான் சிரித்தேன். கவுண்டர் சிரிக்கவில்லை. "நட்டவனக் குத்தஞ் சொல்லப்படாதுங்க சார். அரிசி நல்ல அரிசி. இத அவங்க எப்படித் தின்னறாங்கன்னு பாக்கோணும்" என்றார். ஆனாலும் முன்னெச்சரிக்கையாக ஒரு துணிப்பை மட்டை அரிசியும் ஓர் அலுமினியப் பாத்திரமும் எடுத்துப்போவது என்று தீர்மானமாயிற்று. தீர்மானித்தவன் நான்தான்.

ஐப்பசியில் போனோம். முதல் நாள் புகழ்பெற்ற கல் தோட்டம் ஒன்றைப் பார்த்தோம். வெள்ளைச் சரளையைக் கோடு கோடாகச் சீப்புவாரி வைத்திருந்தார்கள். பலர் மௌனமாக உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கவுண்டரும் உட்கார்ந்தார். பிறகு என் காதோடு கேட்டார்: "நல்லாப் பரம்படிச்சு வெச்சிருக்காங்க. தண்ணி எப்ப உடுவாங்களாமா?" இரண்டாம் நாள் கடைத்தெருவில் தவிட்டுக்குள் புதைத்து ஊறவைத்த காய்களைக் கண்டோம். "நம்மூர்ல தவிடு தின்னற மாட்டுக்கு இந்த ருசி தெரிஞ்சிருக்கும் போலீங்க" என்று சொல்லி ஒரு கத்தரிக்காயை முழுதாகத் தின்றார். கோயில் மடம் ஒன்றில் எனக்குச் சோயாக் கட்டி கிடைத்தது. என் வயிறு ஒன்றும் செய்யவில்லை.

மூன்றாம் நாள், கம்பெனி அனுப்பிய இளைஞரோடு ரயிலேறி ஊருக்கு வெளியே போனோம். இறங்கியதும் கவுண்டர் நின்றுவிட்டார். வயல்களில் நடவு இல்லை, தண்ணீர் இல்லை. அறுவடை முடிந்திருந்தது. மூங்கில் கட்டி, கதிர்களைத் தலைகீழாகக் காயப் போட்டிருந்தார்கள். இங்கே வருஷத்துக்கு ஒரே போகம்தான், நடவு வைகாசி ஆனியோடு முடிந்துவிடும் என்று அந்த இளைஞர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. எந்த வகுப்பிலும் எனக்கு அவ்வளவு குரல் இறங்கியதில்லை.

வயலில் வயதான ஓர் அம்மாள் வைக்கோல் கட்டிக்கொண்டிருந்தார். கவுண்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். இல்லாத கயிற்றை இரண்டு கையாலும் இழுத்துக் கட்டினார். குனிந்து, பின்வாங்கிப் பின்வாங்கி இல்லாத நாற்றை நட்டுக் காட்டினார். அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு கொட்டகையிலிருந்த நடவு இயந்திரத்தைச் சுட்டிக்காட்டினார். இப்போது எல்லாம் அதுதான், அது திரும்ப முடியாத அந்த மூலையை மட்டும் இவர் கையால் நடுகிறார் என்று இளைஞர் விளக்கினார்.

"அப்ப சப்பான் முறை இந்த மூலையிலயும் நம்மூர்லயுந்தானுங்க மிச்சம்" என்றார் கவுண்டர். அந்த மூலைக்குப் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அறுத்த தாள்களின்மேல் கையை விரித்து வைத்தார். ஏமாற்றத்தில் மண்ணைத் தொட்டுப் பார்க்கிறார் என்று எண்ணி நான் தள்ளியே நின்றேன்.

அந்த அம்மாள் தம் மதிய உணவைப் பிரித்து எங்களுக்குக் கொடுத்தார். புது அரிசிச் சோற்று உருண்டை, நடுவில் உப்பில் ஊறிய புளிப்பான ஒரு பழம். கையில் எடுத்தால் உதிராமல் நின்றது, வாயில் பருக்கை பருக்கையாகப் பிரிந்தது. கவுண்டர் மென்றுகொண்டே சொன்னார்: "இது கொழஞ்சதில்லீங்க சார். ஒண்ண ஒண்ணு புடிச்சிட்டிருக்குது. செல்லாகிட்டச் சொல்லோணும்." பிறகு என் பையிலிருந்த மட்டை அரிசியை எடுத்து அந்த அம்மாளிடம் நீட்டினார். அவர் அந்தச் சிவந்த பருத்த அரிசியை, கவுண்டர் அன்று பார்த்ததுபோலவே உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். நிறையத் தண்ணீர் வைக்க வேண்டும், கஞ்சியை வடிக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் பானையைச் சாய்த்துச் சாய்த்துக் காட்டினோம். ஏதோ கடவுளுக்குச் செய்யும் சடங்கு என்று நினைத்தாரோ என்னவோ, எழுந்து நின்று எங்களைக் கும்பிட்டார்.

திரும்பும்போது ரயிலில் மாதத்தைத் தவறவிட்டதற்காக வருந்தினேன். "உடுங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் வாட்டத்தில் இருக்கிறார் என்று எண்ணி, அதன்பின் அந்தப் பேச்சை நான் எடுக்கவே இல்லை.

இனி ஐந்தாவது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு கேள்விதான். ஊர் திரும்பியபின், சந்தைக்கு வரும்போதெல்லாம் காப்பியை வாங்கிக்கொண்டு கவுண்டர் கேட்பார்: "ஏனுங்க சார், அந்தம்மா கஞ்சி வடிச்சிருப்பாங்களா?" நானும் ஒவ்வொரு முறையும் யோசித்து ஒரு பதில் சொல்வேன். தம் வழக்கப்படி மூடி வைத்து, தண்ணீர் பற்றாமல் வேகாமலே தின்றிருப்பார். அல்லது பேத்திக்குக் காட்ட அப்படியே வைத்திருப்பார். எந்தப் பதிலிலும் அவர் திருப்தி அடைந்ததில்லை. இப்போது கேட்பதற்கு அவர் இல்லை. காப்பி வேளையில் அந்தக் கேள்வி தானாகவே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கிய பிறகு, முந்தாநாள், செல்லம்மாளைப் பார்க்கப் போயிருந்தேன். கவுண்டர் ஆசைப்பட்டது கிடைக்காமலே திரும்பினோமே என்று மெதுவாகச் சொன்னேன். செல்லம்மாள் என்னை வியப்போடு பார்த்தார்.

"என்னங்க சார் இப்படிச் சொல்றீங்க? வந்து எறங்குனதும் ஊட்டுக்குள்ள வராம நேரா வயலுக்குத்தானுங்க போனாரு. குனிஞ்சு குத்துக்குக் குத்துச் சாண் போட்டுப் பாத்துப்போட்டு, 'செல்லா, அங்கயும் இதே சாண்தான். நான் ஊர ஏமாத்தல'ன்னு சொன்னாருங்க. அப்பறந்தான் கை கழுவிச் சோறு தின்னாரு. அங்க அளக்கும்போது நீங்க பக்கத்துலதான நின்னீங்க?"

பக்கத்தில்தான் நின்றேன். ஆகவே தொடக்கத்தில் நான்காவதாக எழுதியது தவறு. அதை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் கயிற்றை விட்டு விலகி நட்ட குத்தைக் கவுண்டர் பிடுங்கச் சொல்லமாட்டார்; "அது கெடக்கட்டும், பக்கத்துல சரியா ஒண்ணு வெய்யி" என்பார். அது அப்படியே கிடக்கட்டும். அவர் பார்க்கப் போனதைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்.