ஒரு கட்டை முடியும் நேரம்

கருப்பையா அண்ணன் மறைந்த செய்தி என்னைத் தேடி வரவில்லை; நானே அதனிடம் சென்றேன். கைபேசியில் அவருடைய தவறிய அழைப்பைக் கண்டு, திரும்ப அழைத்தேன். பேசியவர் அவருடைய மனைவி பார்வதி அண்ணி. "அண்ணன் போயிட்டாரும்மா" என்றார். இதய நோய்க்கு ஓய்வு வேண்டுமென்று வத்தேகமவில் தம் வீட்டில் தங்கியிருந்தவர், மீண்டு வருவார் என்றே நம்பியிருந்தேன்.

அம்பிட்டியவில் என் விறகுக் கடைக்கு வந்து போன உங்கள் அனைவருக்கும் அவரைத் தெரியும். விறகு பிளக்கும் வேலைக்குக் கோடரியோடு வந்து சேர்ந்தவர். விறகு பிளக்கும் இயந்திரத்தை நான் வாங்கியபோது, அவர் மனம் வருந்துவாரோ என்று அஞ்சினேன். "எம் முதுகு ஒங்களுக்குக் கும்புடு போடுது, தங்கச்சி" என்றார். அன்றே அதைக் கற்களின்மேல் ஏற்றி இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவந்தார். "குனிஞ்சா அலுப்பு வரும். அலுத்தா கவனம் போயிரும்" என்பது அவர் கணக்கு.

ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். அதற்குப் பின் கற்றதெல்லாம் என் சொந்த உழைப்பு. ஆகவே, அந்த இயந்திரத்துக்கு 'எண்ணெயழுத்த விறகுபிளப்பான்' என்று முறையாகப் பெயரிட்டேன். "பேரச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள நாலு கட்ட பொளந்துரலாமே. மிஷின்னு கூப்புட்டா அது கோவிச்சுக்குமா?" என்றார். நான்தான் கோபித்துக்கொண்டேன்.

இயந்திரத்தைச் சுற்றி அவர் தீட்டிய வெள்ளைக் கோடு உங்களுக்கு நினைவிருக்கும். அது ஓடும்போது இயக்குபவரைத் தவிர எவரும் அதைத் தாண்டக் கூடாது. ஒரு முறை பேக்கரி முதலாளி தாண்டிவிட்டார். அண்ணன் உடனே இயந்திரத்தை அணைத்துவிட்டுக் கைகட்டி நின்றார்.

"என்னய்யா, மிஷினுக்குத் தீட்டுப் பட்டுருமா?"

"மிஷினுக்கு ஒன்னும் ஆகாது மொதலாளி. ஒங்களுக்கு மாவு பெசைய பத்து வெரலும் வேணுமே."

"நான் எங்க பெசையிறேன்? பசங்கதானே பெசையிறானுங்க."

"அப்ப மோதரம் போடவாச்சும் வேணுமில்ல?"

முதலாளி சிரித்துக்கொண்டே கோட்டுக்கு வெளியே போனார்.

அந்த இயந்திரத்துக்கு இரண்டு பிடிகள். இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் கட்டை ஆப்பை நோக்கி நகரும். அப்போது இரு கைகளும் ஆப்புக்கு எட்டாத இடத்தில் இருக்கும். அவசரக்காரர்கள் ஒரு பிடியைக் கயிற்றால் கட்டிவிட்டு, மிச்சக் கையால் கட்டையைத் திருப்புவார்கள். நம் கடையில் அண்ணன் அதற்கு ஒருநாளும் இடம் தந்ததில்லை. கைபேசியும் கோட்டுக்கு வெளியே சன்னல் கட்டையில்தான் இருக்க வேண்டும். "யாரு கூப்புட்டாலும் திரும்பாதீங்க. ஆப்புல இருக்குற கட்ட முடியட்டும். முடிஞ்சதும் அணைச்சிட்டுப் போங்க. கூப்புட்ட ஆள நிக்க வைக்கக் கூடாது." இதை அவர் எத்தனை முறை சொல்லியிருப்பார்!

அண்ணன் மறைந்த அன்று காலை, காதுமூடி அணிந்து தனியே வேலை செய்துகொண்டிருந்தேன். முடிச்சு விழுந்த ஒரு கட்டை ஆப்பில் இருக்கையில், சன்னலில் கைபேசி ஒளிர்ந்தது. அவர் சொன்னபடி நான் திரும்பவில்லை. அந்தக் கட்டை பிளந்து விழுந்தது. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் குவியல் குறைந்திருந்தது. வேலை வழுக்கிக்கொண்டு ஓடியது. நின்றுகொண்டே சிரமமின்றிச் செய்யும் அந்தச் சுகத்தில் அடுத்த கட்டையை எடுத்து வைத்தேன். பிறகு அதற்கடுத்தது. குவியல் தீர்ந்த பின்பே சன்னலுக்குப் போனேன்.

வத்தேகம வீட்டில் அண்ணி என் கையைப் பற்றிக்கொண்டு சொன்னார்: "போன் அடிச்சி நின்னுச்சிம்மா. 'தங்கச்சி மிஷின்ல நிக்குது போல. கட்ட முடியட்டும், எடுக்கும்'னு சொன்னாரு. போன கையிலயே வச்சிருந்தாரு. நீ அவரு சொன்னத அப்படியே கேட்ட புள்ள."

நான் தலைகுனிந்தேன். அண்ணி இயந்திரத்தைக் கண்டதில்லை. ஒரு கட்டை பிளக்க எவ்வளவு நேரம் ஆகுமென்று அவருக்குத் தெரியாது. அண்ணனுக்குத் தெரியும். அந்த நேரம் கடந்ததையும் அவர் உணர்ந்திருப்பார். என்ன சொல்ல அழைத்தாரோ, அது அவரோடு போயிற்று.

தகனத்துக்கு விறகு கேட்டார்கள். கடையில் காய்ந்து பிளந்து கிடந்தது அன்று காலைக் குவியல் ஒன்றுதான். அதையே லொறியில் ஏற்றி அனுப்பினேன். எங்கள் வழக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குச் செல்வதில்லை. நான் தெருமுனையில் நின்றுவிட்டேன். நான் பிளந்த விறகு அவரோடு போயிற்று.

அவருடைய கோட்டுக்குப் புதிதாக வெள்ளை அடித்திருக்கிறேன். அவருடைய விதியின் முதற்பாதியை எந்நாளும் காத்து வந்தவள், இப்போது பிற்பாதியையும் காக்கிறேன். நேற்று, பாதிக் குவியல் மிச்சமிருக்கையில் கைபேசி ஒளிர்ந்தது. ஆப்பில் இருந்த கட்டை முடிந்ததும் இயந்திரத்தை அணைத்துவிட்டு ஓடி எடுத்தேன். ஏதோ ஒரு விளம்பரத்தின் பதிவுக் குரல். அது பேசி முடியும்வரை நின்று கேட்டேன்.