வெள்ளிக்கிழமையும் நத்தை முட்டையும்

கிணற்றடியில், வாழைக்குப் போகும் வாய்க்காலின் நடுவே ஒரு சீமெந்துத் தொட்டி இருக்கிறது. கழுவிய தண்ணீரையும் வீணாக்காமல் வாழைக்கு விடுவது சண்டிலிப்பாயில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். அது தேங்கி நின்று மெல்லப் பாயட்டும் என்று நான்தான் தொட்டியைக் கட்டி, அதில் அல்லியும் வைத்தேன். நத்தைகள் தாமாக வந்தன. சுண்டுவிரல் நகமளவுதான் இருக்கும். கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்ற எனக்குக் காலையில் அவற்றை எண்ணாவிட்டால் தேநீர் இறங்காது.

இந்த வருடம் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போனது. அறுபதுக்கு மேல் நின்றது பதினேழாகிவிட்டது. நத்தைகள் முட்டை இடாமலில்லை. அல்லி இலையின் அடியில் கண்ணாடிக் கூழ் போல ஒட்டிவைத்தன. பூதக்கண்ணாடியால் பார்த்தால் கூழுக்குள் சின்னப் புள்ளிகள் சுழலும். பிறகு ஒருநாள் எல்லாம் வெள்ளையாகிக் கலங்கிவிடும். ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. கிழடுகள் செத்துமுடிந்தால் தொட்டி வெறுந்தொட்டிதான்.

முட்டை கலங்குவது எப்போதும் சனிக்கிழமை என்பதைக் கண்டபோதுதான் எனக்குக் காரணம் பிடிபட்டது. வெள்ளிக்கிழமை விடிந்தால் என் மனைவி வீடு முழுவதும் கழுவுவாள். முன்பெல்லாம் வெறுந்தண்ணீர். இப்போது சில மாதங்களாக, பூ மணக்கிற ஊதாத் திரவம் மூன்று மூடி. முட்டை பொரிக்க ஒரு கிழமைக்கு மேல் வேண்டும். அதற்குள் எப்படியும் ஒரு வெள்ளி வந்துவிடுகிறது!

ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அது வாழைக்குத்தானே போகுது?" என்றாள்.

"வழியிலை தொட்டி இருக்கு. எங்கடை நிலம் சுண்ணாம்புக் கல்லப்பா. ஊத்திறது முழுக்க இறங்கிக் கிணத்துக்குத்தான் வரும். நாங்கள் குடிக்கிற தண்ணி!"

"நான் முட்டை இடப் போறேல்லைத்தானே? வெள்ளிக்கிழமையிலை வீடு கழுவாமல் விளக்கு வைக்கேலாது. நத்தையளைக் கேட்டு வேறை நாளிலை இடச் சொல்லுங்கோ."

இரண்டு கிழமை வாதாடினேன். அசையவில்லை. அப்போதுதான் தெல்லிப்பழையில் என் ஒன்றுவிட்ட அண்ணர், தொண்ணூற்றாறு வயதில், நித்திரையிலேயே போய்ச் சேர்ந்தார். எங்களுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு. சாமியறை பூட்டு. விளக்கு இல்லை, வெள்ளிக் கழுவலும் இல்லை.

அண்ணருக்காக அழுதேன், பொய்யில்லை. ஆனால் துடக்கு வந்த முதல் வெள்ளி, அதற்கு அடுத்த வெள்ளி, இரண்டையும் புதிதாய் ஒட்டிய முட்டைக்கூழ் தாண்டியது. புள்ளிகள் சுழன்றன, ஓடு வைத்தன. ஒரு காலையில் கடுகை விடச் சிறிய ஒன்று கூழைக் கிழித்துக்கொண்டு இலையில் ஊர்ந்தது.

"இஞ்சாரும்! பொரிச்சிட்டுது! ஓடி வாரும்!"

துக்கம் விசாரிக்க வந்து முற்றத்தில் இருந்தவர்கள் அப்படியே எழும்பிவிட்டார்கள். மனைவியின் தம்பி ஓடிவந்து தொட்டியை எட்டிப் பார்த்தான்.

"அக்கா, அத்தானுக்கு முத்திப்போச்சு."

"செத்த வீட்டுத் துடக்கிலை இப்பிடிக் கத்திறியளே? சனம் என்ன நினைக்கும்?" என்று அவள் சீறினாள். நான் பூதக்கண்ணாடியை நீட்டினேன். வேண்டாவெறுப்பாக வாங்கிக் குனிந்தாள். நிமிர நெடுநேரமானது.

"கொம்பும் இருக்கு," என்றாள் மெதுவாக.

ஆனால் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிக்க வீட்டை மூலைமுடுக்கு விடாமல் கழுவவேண்டும். மூன்று மூடி போதாது, அரைப் போத்தல் போகும். அன்று விடியுமுன்னே தொட்டி விளிம்பில் போய்க் குந்தினேன். வாய்க்காலை மண்ணால் அடைக்கலாமா என்று யோசித்தேன். அடைத்தால் தண்ணீர் கிணற்றுக் கட்டுக்குத் திரும்பும். உள்ளே வாளி மோதும் சத்தம் கேட்டது.

"இஞ்சேருங்கோ," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "மஞ்சள்தண்ணி தெளிக்கலாமோ? இல்லாட்டி அதுக்கும் உங்கடை பேரப்பிள்ளையளுக்குக் காய்ச்சல் வருமோ?"

"கொஞ்சமாத் தெளியும்! மற்றது?"

"மற்றது பச்சைத் தண்ணிதான். போத்திலைத் தம்பியிட்டைக் குடுத்து விட்டிட்டன். அவன்ரை வீட்டிலை நத்தை இல்லையாம்."

அவன் வீட்டிலும் கிணறு இருக்கிறதே என்று சொல்ல வாயெடுத்தேன். அது நாளைய சண்டை. வாய்க்காலில் முதல் தண்ணீர் சலசலத்து வந்தது. நுரையில்லை, மணமில்லை. குஞ்சுகள் இலையை விட்டு அசையவில்லை, மேய்ந்துகொண்டிருந்தன.

"எத்தினை இருக்கு?" என்று அவள் கூப்பிட்டாள். என் எண்ணிக்கையை அவளாகக் கேட்டது அன்றுதான்.

"நாப்பத்தொண்டு!" என்று கத்தினேன். அதற்குள் தண்டின் மறைவிலிருந்து இன்னொன்று தலைநீட்டியது. "இல்லை இல்லை, பொறும், நாப்பத்திரண்டு!"