மெதுவாக வந்த வள்ளம்

எங்கள் சின்ன வள்ளத்தை நான் ஒரு கையால் தள்ளிவிடுவேன். என் தம்பி எஞ்சினைப் பூட்டி முடித்ததும் நான் இறங்குதுறையில் குந்தி, உள்ளங்கையை வைத்து ஒரு தள்ளு. வள்ளம் உடனே விலகிவிடும். திரும்பி வரும்போது என் வீட்டுக்காரர் முன்பக்கத்தில் இருந்துகொண்டு வலது காலை நீட்டுவார். பாதம் துறையில் பட்டு முழங்கால் மடங்கும். அந்த மடிப்புக்குள் வள்ளம் நின்றுவிடும். கொட்டியாரக் குடாவில் சின்ன வள்ளக்காரர் பலரும் அப்படித்தான் துறையோடு அணைப்பார்கள்.

கடைசி மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்த வருடம் இவரும் தம்பியும் சேர்ந்து பெரிய வள்ளம் எடுத்தார்கள். முதல் நாள் ஐஸ் ஏற்றி முடிய, வழக்கம்போல ஒரு கையால் தள்ளினேன். அசையவில்லை.

"அக்கா, சோத்தைத் திண்டுபோட்டு வந்து தள்ளுங்கோ" என்றான் தம்பி.

ஆட்கள் பார்க்கிறார்கள் என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. எழுந்து போகவும் கூச்சம். அதனால் இரண்டு கையையும் வைத்துச் சாய்ந்தபடியே இருந்தேன். பத்து எண்ணும் வரைக்கும் அசைவு கண்ணுக்குத் தெரியவில்லை. பிறகு துறைக்கும் வள்ளத்துக்கும் நடுவில் ஒரு விரல் அகலத்துக்குத் தண்ணீர் தெரிந்தது. பிறகு ஒரு சாண். நான் கையை எடுத்த பிறகும் அது போய்க்கொண்டே இருந்தது.

அந்த நாட்களில் மகள் பாடத்தைச் சத்தமாகச் சொல்லிப் பாடமாக்குவாள். "விசை சமன் திணிவு தர ஆர்முடுகல்." குசினியில் மீன் வெட்டிக்கொண்டு கேட்டிருந்தேன்.

"அதென்ன ஆர்முடுகல்?"

"வேகம் கூடுறதம்மா. திணிவெண்டால் உள்ளுக்கு எவ்வளவு சாமான் இருக்கெண்டது. அதே தள்ளுத்தான் தள்ளுறீங்கள், ஆனால் திணிவு ரெண்டு மடங்கு. அப்ப வேகம் பாதியாத்தான் கூடும்."

ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அது விளங்கியது. வள்ளம் தள்ளியிராவிட்டால் விளங்கியிருக்காது.

"அப்ப நிப்பாட்டவும் அவ்வளவு பலம் வேணுமே?"

"ஓம், அதுவும் இதே கணக்குத்தான்" என்றாள், புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல்.

இதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாற்பது வருடம் கடலுக்குப் போகிறவருக்கு வள்ளத்தைப் பற்றி நான் என்ன கதைக்கிறது? பெரிய வள்ளத்தைத் தம்பி துறைக்குச் சற்று வெளியிலேயே நிறுத்திக் கயிறு எறிவான். நாங்கள் இழுத்துக் கட்டுவோம். கால் நீட்ட வேலையே இருக்கவில்லை.

ஒரு நாள் நல்ல மீன். தராசடியில் ஆட்கள் கூடி நின்றார்கள். தம்பி விற்கிற அவசரத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு, கயிறு எறியாமல் வள்ளத்தை அதன் பாட்டில் வரவிட்டான். நடந்து வருகிற ஆளை விட மெதுவாகத்தான் வந்தது. அவர் முன்பக்கத்தில் இருந்து வலது காலை நீட்டினார்.

நான் அந்தக் காலைப் பார்த்தேன். முழங்கால் மடங்கி முடிந்துவிடும், வள்ளம் நின்றிருக்காது. பிறகு சீமெந்துக்கும் வள்ளத்துக்கும் நடுவில் இருக்கப்போவது கால் மட்டும்தான். துறையில் ஆம்பிளைகளுக்கு முன்னால் நான் சத்தம் போட்டதே இல்லை.

"இஞ்சருங்கோ, காலை எடுங்கோ. காலை எடுங்கோ எண்டுறன்."

அவர் எடுத்தார். என் சத்தத்தைக் கேட்ட திகைப்பில்தான் எடுத்திருப்பார் என்று நினைக்கிறேன். வள்ளம் அதே மெதுவான நடையில் வந்து முட்டியது. துறையின் பழைய சீமெந்து விளிம்பில் ஒரு துண்டு உடைந்து தண்ணீருக்குள் விழுந்தது. வள்ளத்தின் முன்பக்கமும் ஒரு முழ நீளத்துக்கு வெடித்திருந்தது.

பிறகு தராசுக்காரர், "அண்ணே, வீட்டிலயும் அக்கா இப்பிடித்தான் கட்டளை போடுறவவோ?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். இவர் மட்டும் சிரிக்கவில்லை.

மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நான் பக்கத்தில் நிற்கும்போதே, "அம்மாட்டச் சொல்லு, தேத்தண்ணி காணும், இனி வேண்டாம்" என்று மகளிடம் சொல்வார். மகள் என்னைப் பார்த்து, "காணுமாம்" என்பாள்.

நான்காம் நாள், கதிரையில் இருந்து காலைத் தடவிக்கொண்டு, "மெல்லத்தானே வந்தது" என்றார். அதை மகளிடம் சொல்லவில்லை, என்னிடம்தான் சொன்னார்.

"மெல்ல வந்தாலும் அவ்வளவு மீனும் ஐஸும் வந்தது. உங்கட முழங்கால் மடங்கிறதுக்குள்ள அது நிண்டிருக்காது."

"நீ எப்ப படிச்சனி இதெல்லாம்?"

"தள்ளிப் பாத்தனான்."

அடுத்த கிழமை அவர் இரண்டு பழைய லொறி டயர் கொண்டுவந்து துறையின் விளிம்பில் கட்டினார். யார் கேட்டாலும் தம்பியின் யோசனை என்று சொன்னார். தம்பியும் ஓம் என்றான். எனக்கும் அது வசதியாகவே இருந்தது.